ஹவுஸ்வார்ட் சொன்னது

சோலோதுர்ன்
12 பெப்ரவரி 2024
பதிவுத் தபால்

அண்ணைக்கு,

இதைத் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்பீர்கள். "எனக்கு ஒண்டும் வரேல்லை" என்று பிறகு நீங்கள் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் பதிவுத் தபால். உங்கள் நம்பரை என் போனில் மறித்து ஒன்பது மாதமாகிறது. அது மறித்தபடியே இருக்கும். சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

நவம்பரில் இங்கே ஆற்றுப் பக்கமாக ஒரு மூன்று அறை வீடு பார்க்கப் போனேன். அந்த வீட்டை நிர்வகிக்கும் கம்பனியிலிருந்து வந்த பெண் என் கோப்பை நின்ற இடத்திலேயே புரட்டினார். சம்பளத் தாள்கள், வதிவிடப் பெர்மிட் பிரதி, என் மேல் கடன் வழக்கு எதுவும் இல்லை என்ற சான்று, எல்லாம் சரியாக இருந்தன. "முதியோர் இல்லத்தில் வேலையா? நல்லது, நாளைக்குப் போன் எடுக்கிறேன்" என்று கை தந்தார். மகள் மாயா வெளியே வந்ததும் தன் கட்டில் எந்தச் சுவரோடு வர வேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த நாள் அந்தப் பெண் போன் எடுத்தார். குரல் மாறியிருந்தது. "முந்திய வீட்டில் சில பிரச்சினைகள் இருந்தனவாம்" என்றார். என்ன பிரச்சினை என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார்.

அது பதினெட்டாவது மறுப்பு. முந்திய பதினேழுக்கும் என் பெயர், என் நிறம், என் ஜெர்மன் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த முறை விடவில்லை. வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்லும் இடத்தில் தக்ஷிகா என்று ஒரு பிள்ளை வேலை செய்கிறாள். இங்கே பிறந்தவள். அவள் சொன்னாள்: "அக்கா, உங்களைப் பற்றி அவை என்ன எழுதி வச்சிருக்கினம் எண்டு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. ஆரிட்டக் கேட்டு எழுதினவை எண்டும் சொல்லத்தான் வேணும். முப்பது நாள் தவணை." அவளே கடிதம் எழுதித் தந்தாள். மூன்று கம்பனிகளுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து பதில் வந்துவிட்டது. ஆறு வரி. தமிழில் எழுதுகிறேன்.

"முந்திய கட்டடத்தின் ஹவுஸ்வார்ட் திரு. தவராஜாவுடன் தொலைபேசியில் பேசியது. வாடகை ஒழுங்கு. ஆனால் இரண்டு தடவை பொலிஸ் வந்தது. கணவர் மனைவியை அடிப்பவர். புது வீட்டுக்கும் தேடி வருவார், அயலவருக்குத் தொல்லை. ஹவுஸ்வார்ட் வேண்டாம் என்கிறார்."

அண்ணை, விண்ணப்பத்தில் 'உங்களைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம்' என்ற இடத்தில் உங்கள் பெயரை என் கையால் எழுதியது நான்தான். என்னோடு கோபம் இருந்தாலும், கட்டடப் பராமரிப்பாளர், ஹவுஸ்வார்ட் என்ற முறையில் நான் வாடகை ஒழுங்காகக் கட்டியதையும் மாடிப்படி கழுவியதையும் சொல்லுவீர்கள் என்று நம்பினேன்.

ஆனால் நான் இந்த ஆறு வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பது அதற்காக அல்ல. 'கணவர் மனைவியை அடிப்பவர்.' போன ஏப்ரலில் அரச வழக்குத் தொடுநர் அலுவலகத்தில் சாட்சியாக இருந்து நீங்கள் சொன்னது என்ன? "நான் கீழ்வீட்டிலதான் இருக்கிறன். ஒரு நாளும் ஒண்டும் கேக்கேல்லை. என்ர மச்சான் அமைதியான ஆள்." அதை வைத்துத்தான் ரவீந்திரன் மேல் நான் கொடுத்த வழக்கை மூடினார்கள். இப்போது உங்கள் வாயால் சொன்னது தேதியோடு என் கையில் இருக்கிறது.

உங்களுக்கு முப்பது நாள் தருகிறேன். நீங்களாகப் போய், சொன்னது பொய் என்று சொல்லுங்கள். தானாக வந்து திருத்துகிறவருக்குத் தண்டனை குறையலாம் என்று தக்ஷிகா சொன்னாள். அதையும் உங்களுக்கு மறைக்கவில்லை. போகாவிட்டால் இந்தத் தாளோடு நான் போவேன்.

சுகந்தி


ஷ்லீரன்
21 பெப்ரவரி 2024

தங்கச்சி சுகந்திக்கு,

அண்ணன் தவராஜா எழுதுவது. நீயும் மாயாவும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். உன் கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை என்றாலும் எனக்கு எழுதத் தெரியும்.

முதலில் ஒன்று. என் ஜெர்மன் எப்படி என்று உனக்குத் தெரியும். நான் புல்லு வெட்டிக்கொண்டு நிற்கும்போது அந்தப் பெண் போன் எடுத்தாள். மெஷின் சத்தம். அவள் ஏதோ கேட்டாள், நான் ஏதோ சொன்னேன். அவள் தன் பாட்டுக்கு எழுதியிருக்கிறாள். இதைப் பிடித்துக்கொண்டு வந்து பெரிய வழக்கறிஞர் மாதிரி எனக்குத் தவணை வைக்கிறாய்.

இரண்டாவது. நான் உனக்குக் கெடுதல் நினைத்தவன் இல்லை. பதினாறு வயதுக் குமர்ப்பிள்ளையோடு ஒரு பெண் தனியாக வேறொரு மாநிலத்தில் வீடு எடுத்து இருப்பதா? வீடு கிடைக்காவிட்டால் கொஞ்சநாளில் கோபம் ஆறித் திரும்பி வருவாய் என்று நினைத்தேன். அது குற்றமா? ரவீந்திரனை நான் பார்த்துத்தான் உனக்குக் கட்டி வைத்தேன். அகதி முகாமில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். கலியாணத்தில் உன் கையைப் பிடித்து அவன் கையில் கொடுத்தவன் நான். அந்தக் கலியாணம் உடைந்தால் சனம் யாருடைய முகத்தைப் பார்க்கும்? உன்னுடையதை அல்ல.

அவன் இப்போது குடிப்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் என்னோடு கோவிலுக்கு வருகிறான். மேல்வீட்டில் தனியாக இருந்து சமைத்துச் சாப்பிடுகிறான். பார்க்கப் பாவமாக இருக்கிறது.

இந்தச் சட்டமெல்லாம் யார் உனக்குப் படிப்பித்தது? இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நம் குடும்பங்களைப் பற்றி என்ன தெரியும்? அந்தத் தாளைக் கிழித்துப் போடு. சித்திரை வருஷத்துக்கு வா. மச்சாள் நிரஞ்சினியும் உன்னைக் கேட்கிறாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
தவராஜா


சோலோதுர்ன்
3 மார்ச் 2024
பதிவுத் தபால்

அண்ணைக்கு,

குறிப்பில் இருக்கிற தேதி நவம்பர் பதினான்கு. அன்றைக்குப் புல்லு வெட்டும் மெஷின் ஓடியதா? அந்தக் கிழமை இங்கேயும் ஷ்லீரனிலும் மழை விடவேயில்லை. அன்றைக்கு மாயா பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து வந்தாள்.

இரண்டாவது கம்பனியும் பதில் அனுப்பிவிட்டது. அதிலும் நீங்கள் இருக்கிறீர்கள். இவர்களிடம் செப்டெம்பரில் பேசியிருக்கிறீர்கள். "குடும்பச் சண்டை, பொலிஸ், பரிந்துரைக்க மாட்டேன்." உங்கள் ஜெர்மனை இரண்டு பேர், இரண்டு ஊரில், ஒரே மாதிரிப் பிழையாக விளங்கிக்கொண்டார்களா? மூன்றாவது கம்பனியிடம் உங்கள் பெயர் இல்லை. என்னைவிடக் கூடச் சம்பளக்காரருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் செய்யாததை உங்கள் மேல் போட எனக்கு விருப்பமில்லை. செய்ததே போதும்.

வீடு பார்க்கப் போவது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. பன்னிரண்டு வருஷமாக வேலையோடு சேர்த்துக் கொடுத்த வீட்டில் இருக்கிறீர்கள். மாடிப்படியில் முப்பது நாற்பது பேர் வரிசை. எல்லோர் கையிலும் ஒரே மாதிரிக் கோப்பு. எனக்கு முன்னால் நிற்கிறவர்கள் சோடியாக நிற்பார்கள். விண்ணப்பத்தில் என்ன சமயம் என்றுகூட ஒரு கம்பனி கேட்டிருந்தது. தக்ஷிகா அந்த வரியைப் பேனையால் வெட்டிவிட்டு, "இது அவைக்குத் தேவையில்லாத கேள்வி, நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை" என்றாள். 'ஏன் வீடு மாறுகிறீர்கள்' என்ற கேள்விக்கு நான் 'வேலைக்கு அருகில்' என்று எழுதினேன். அடி வாங்கியதை எழுத எனக்கு வெட்கம். அதை எனக்காக நீங்கள் சொல்லிவிட்டீர்கள், எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே தவிர மற்ற எல்லா இடத்திலும்.

நானும் மாயாவும் இல்லத்தின் ஊழியர் அறையில் இருக்கிறோம். ஒரு கட்டில். ஆறு மாதத்துக்கென்று தந்த அறை. மார்ச் முடிய விட வேண்டும். இப்போது கெஞ்சி ஏப்ரல் வரை.

இரண்டாம் முறை பொலிஸ் வந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கீழ்க் கதவைத் திறந்து விட்டது நீங்கள். வேலைச் சட்டை போட்டு, திறப்புக் கொத்தோடு நின்றீர்கள். என் வாயால் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. நான் உங்களை நேராகப் பார்த்தேன். நீங்கள் குனிந்து கால்மிதியைச் சரிசெய்தீர்கள்.

சாட்சி சொன்ன அன்று அந்த அலுவலர் உங்களுக்கு விளக்கிச் சொன்னதும் எழுத்தில் இருக்கிறது. மைத்துனர் என்ற முறையில் பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, பேசினால் உண்மை பேச வேண்டும் என்று. பேசாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நான் உங்களை ஒன்றும் கேட்டிருக்க மாட்டேன்.

சித்திரை வருஷத்துக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். மேல்வீட்டில் அவர் இருக்க, கீழ்வீட்டில் நான் இருந்து பொங்கல் சாப்பிடவா?

மார்ச் 20 உங்களுக்குச் சுவிஸ் பிரஜாவுரிமை நேர்முகம் என்று மாயாவிடம் மச்சாள் சொல்லியிருக்கிறா. முப்பது நாள் தவணை என்று எழுதினேன். அதை எடுத்துவிட்டேன். எப்போது கொடுப்பேன் என்று இனிச் சொல்ல மாட்டேன். காலையில் தபால் பெட்டியைத் திறப்பது எப்படி இருக்கும் என்று நீங்களும் கொஞ்சநாள் பாருங்கள்.

சுகந்தி


ஷ்லீரன்
10 மார்ச் 2024

அன்புத் தங்கச்சி,

உன் கடிதத்தை நிரஞ்சினி படித்துவிட்டாள். நான் வேலையில் நின்றபோது தபால்காரர் வந்திருக்கிறார், அவள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். மூன்று நாளாகச் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போகிறாள். நீ நினைத்தது இதுதான் என்றால் நடந்துவிட்டது.

சுகந்தி, நான் பிழை விட்டேன். எழுதிவிட்டேன், பார். ஆனால் இந்த நேரத்தில் செய்யாதே. முப்பத்திரண்டு வருஷம் இந்த நாட்டில் குப்பை அள்ளி, பனி தள்ளி, மற்றவர்களின் கழிவறை அடைப்பு எடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூடப் பேருந்தில் டிக்கட் இல்லாமல் ஏறியவன் இல்லை. அந்தச் சிவப்புப் பாஸ்போர்ட் மட்டும்தான் நான் கேட்டது. பொய்ச் சாட்சி என்று ஒரு வழக்கு வந்தால் எல்லாம் முடிந்தது. கம்பனிக்குத் தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும்.

உனக்கு வீடுதானே வேண்டும்? எங்கள் கம்பனிக்குச் சோலோதுர்ன் பக்கத்திலும் கட்டடங்கள் இருக்கின்றன. மே மாதம் ஒரு மூன்று அறை வீடு காலியாகிறது. இரண்டாம் மாடி, பால்கனி, பக்கத்தில் பேருந்து. பட்டியலில் போடுவதற்கு முதலே உனக்கு எடுத்துத் தரலாம். அங்கே இருக்கிற ஹவுஸ்வார்ட் எனக்குப் பழக்கம். நான் ஒரு போன் எடுத்தால் போதும்.

அந்தத் தாளை மட்டும் எனக்கு அனுப்பு. நேர்முகம் முடியட்டும். பிறகு உட்கார்ந்து கதைப்போம். உனக்கு நான் ஒருத்தன்தானே அண்ணன்.

தவராஜா


சோலோதுர்ன்
19 மார்ச் 2024
பதிவுத் தபால்

அண்ணைக்கு,

ஒரு போன் எடுத்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முன்பே தெரியும்.

உங்கள் கடிதத்தையும் பிரதி எடுத்துச் சேர்த்துவிட்டேன். 'நான் பிழை விட்டேன்' என்ற வரிக்குக் கீழே தக்ஷிகா கோடு போட்டு ஜெர்மனில் எழுதியிருக்கிறாள். நேற்று மத்தியானம் எல்லாவற்றையும் வழக்குத் தொடுநர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கினேன். புதிய ஆதாரம் கிடைத்தால் மூடிய வழக்கைத் திரும்ப எடுக்கலாமாம்.

நாளைக்கு நேர்முகத்துக்குப் போங்கள். நீல நிறச் சட்டை உங்களுக்கு நன்றாக இருக்கும். உங்கள் மேல் ஏதாவது விசாரணை நடக்கிறதா என்று கேட்பார்கள். நேற்று மத்தியானத்துக்கு முன் கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பீர்கள். நாளைக்கு என்ன சொல்வது என்று இரவு முழுக்க யோசியுங்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம் நாளைக் காலையில் முதல் தபாலில் வருகிற மாதிரி அனுப்புகிறேன். இல்லை, அப்படியானால் இரவு யோசிக்க முடியாது. பரவாயில்லை. ரயிலில் யோசியுங்கள்.

சுகந்தி


ஷ்லீரன்
27 மே 2024

சுகந்தி,

தங்கச்சி என்று இனி எழுத மாட்டேன்.

உனக்குச் செய்தி சொல்லுகிறேன், வாசித்து மகிழு. ரவீந்திரனை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். என்னை மூன்று தடவை. என் கடிதத்தை என் முன்னாலேயே வாசித்தார்கள், ஒரு மொழிபெயர்ப்பாளர் மூலம். அந்தப் பெடியன் நம் ஆள், கோவிலில் அன்னதானத்துக்கு என்னிடம் சோறு வாங்கிச் சாப்பிட்டவன். என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தான்.

நான் அப்போதும் சமாளித்திருப்பேன். கம்பனிப் பெண் எழுதியது அவளுடைய விளக்கம், கடிதத்தில் எழுதியது வேறு பிழை என்று சொல்ல எனக்கு ஒரு வழக்கறிஞர் சொல்லித் தந்தார். ஆனால் நிரஞ்சினியைக் கூப்பிட்டார்கள். மனைவி என்ற முறையில் சொல்லாமல் இருக்கலாம் என்று அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். அவள் சொல்லியிருக்கிறாள். "ஓம், எல்லாம் கேட்டது. இவருக்கும் கேட்டது. நாங்கள் ரெண்டு பேரும் அதே அறையில இருந்தனாங்கள்." வெளியே வந்து என்னைக் கடந்து நடந்து போய்விட்டாள். ரயில் நிலையம் வரை பின்னால் போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பிரஜாவுரிமை விண்ணப்பத்தை நிறுத்திவிட்டார்கள். கம்பனியில், குடியிருந்தவர்களின் சொந்த விஷயங்களை வெளியே சொன்ன ஹவுஸ்வார்ட் தங்களுக்கு வேண்டாம் என்று கடிதம் தந்துவிட்டார்கள். வேறு கம்பனிகளிலிருந்து கேள்வி வந்தால் அலுவலகத்துக்குத் திருப்ப வேண்டுமாம், நான் பதில் சொன்னதே பிழையாம். ஓகஸ்ட் முடிய வீட்டையும் விட வேண்டும்.

ஒரு போன் பேச்சுக்கு இவ்வளவா? ரவீந்திரன் உன்னை அடித்தான், நான் அடித்தேனா? அடித்தவனைவிட எனக்கல்லவா நீ கூடத் தண்டனை வாங்கித் தந்திருக்கிறாய். இப்போது உனக்குத் திருப்திதானா?

நீ நன்றாக இருக்க மாட்டாய்.

தவராஜா


சோலோதுர்ன்
9 ஜூன் 2024

அண்ணைக்கு,

இது சாதாரணத் தபால். இனி ஆதாரம் தேவையில்லை.

நான் நன்றாக இருக்கிறேன். அந்த ஆற்றுப் பக்கத்து வீட்டுக் கம்பனிக்குத் தக்ஷிகா எழுதினாள். விண்ணப்பதாரி அடி வாங்கியதை அவருக்கு எதிரான குறிப்பாக வைத்திருக்க முடியாது, 'வேண்டாம் என்கிறார்' என்று சொன்ன ஆளே பொய்ச் சாட்சி விசாரணையில் இருக்கிறார், குறிப்பை அழியுங்கள் என்று. அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. பத்து நாள் கழித்து அதே பெண் போன் எடுத்தார். அந்த வீடு போய்விட்டது, அதே கட்டடத்தில் மேலே ஒன்று இருக்கிறது என்றார். மே முதலாம் தேதி வந்துவிட்டோம். மாயாவின் கட்டில் ஜன்னலுக்குக் கீழே.

மச்சாள் இங்கே இருக்கிறா. அன்றைக்கு ரயில் ஏறியவ நேராக இங்கேதான் வந்தா. ஒரு கைப்பை மட்டும். கதவைத் திறந்ததும், "நான் அப்பவே ஏறி வந்து கதவைத் தட்டியிருக்க வேணும் சுகந்தி" என்றா. உள்ளே வாங்கோ என்றேன். கொஞ்சநாள் என் கோபம் அவவின் மேலும் இருந்தது, அதை மறைக்கவுமில்லை. ஒரு கிழமை கழித்துத்தான் மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிடத் தொடங்கினோம்.

அடித்தவரைவிட உங்களுக்குக் கூடத் தண்டனையா என்று கேட்டிருக்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன். அவர் என்னை அடித்தபோது எனக்கு வெளியே போக ஒரு வழி இருந்தது, அதனால்தான் உயிரோடு வந்தேன். நான் வெளியே வந்த பிறகு, போகிற ஒவ்வொரு கதவாக முன்னால் ஓடிப் போய் மூடியது நீங்கள். அவருக்கு என் மேல் கோபம். உங்களுக்குக் கோபம்கூட இல்லை. புல்லு வெட்டுவது போல, ஒரு வேலையாகச் செய்தீர்கள்.

மாயா ஒரு நாள் கேட்டாள்: "அம்மா, மாமாவின்ர வேலை போனது உங்களுக்குச் சந்தோஷமா?" ஓம் என்றேன். அவள் எழும்பிப் போய்விட்டாள். பிள்ளையிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் பொய் சொல்லவில்லை.

சுகந்தி


எங்கடின்
18 ஜனவரி 2025

சுகந்திக்கு,

இந்த முகவரியைப் பார்த்து யோசிப்பாய். இங்கே மலையில் ஒரு ஹோட்டலில் குசினியில் பாத்திரம் கழுவுகிறேன். பனிக்காலம் முடியும் வரை வேலை. நிலத்துக்குக் கீழே ஊழியர் அறை, நான்கு பேர். ஐம்பத்தாறு வயதில் மேல்கட்டிலுக்கு ஏணியில் ஏறுகிறேன். ஜன்னல் இல்லை. ரயில் போகும்போது சுவர் அதிர்வது மட்டும் தெரியும்.

தீர்ப்பு உனக்கும் வந்திருக்கும். ரவீந்திரனுக்கு நிபந்தனையோடு ஒத்திவைத்த சிறை, உன் பக்கம் வரத் தடை. எனக்கும் நிபந்தனையோடு ஒரு தண்டனை. அவன் என்னோடு கதைப்பதில்லை. கடைசியில் நான் உண்மையை ஒப்புக்கொண்டதற்கும் கோபம், முதலில் சொன்ன பொய் அவனைக் காப்பாற்றாமல் போனதற்கும் கோபம்.

இரண்டு காரியத்துக்காக எழுதுகிறேன். ஒன்று, நிரஞ்சினிக்கு எழுதிய கடிதங்கள் திரும்பி வருகின்றன. அவள் இன்னும் உன்னோடுதான் இருக்கிறாளா? இரண்டு, ஏப்ரலில் இந்த அறையையும் விட வேண்டும். ஷ்லீரனிலும் அதைச் சுற்றியும் பதினொரு வீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். எல்லாம் இல்லை. கோப்பு வாங்குகிறபோது சிரிக்கிறார்கள், பிறகு கடிதம் வருகிறது. பழைய கம்பனி என்னைப் பற்றி ஏதோ சொல்லுகிறது என்று நினைக்கிறேன். நீ அப்போது அனுப்பினாயே ஒரு கடிதம், என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டு. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. கேட்க வெட்கமாக இருக்கிறது. வேறு யாரும் இல்லை.

இன்னொன்று, இதை யாரும் கேட்கவில்லை. விசாரணையில்கூடக் கேட்கவில்லை. உன் வீட்டு ஹைட்சுங் குழாய் எங்கள் முன்னறை வழியாகத்தான் மேலே போகிறது. அந்தச் சூடாக்கும் குழாய் வழியே எல்லாம் இறங்கி வரும். பேச்சு, கதிரை இழுபடுவது, நீ "வேண்டாம்" என்று சொல்வது. கட்டடத்துக் குழாயெல்லாம் எனக்குத் தெரியும், எதில் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு முறையும் நான் ரீவிப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டுவேன். நிரஞ்சினி என்னைப் பார்ப்பாள். நான் ரீவியைப் பார்ப்பேன். மேலே போக வேண்டும் என்று கால் எழும்பும். போனால், நான் கட்டி வைத்தது பிழை என்று நானே படியேறிப் போய்ச் சொல்வது போல. அதனால் போகவில்லை.

இதை எழுதியதால் எனக்கு ஒரு நன்மையும் இல்லை. எழுத வேண்டும் போல இருந்தது.

தவராஜா


சோலோதுர்ன்
2 பெப்ரவரி 2025

அண்ணைக்கு,

நீங்கள் கேட்ட கடிதம் இதனோடு இருக்கிறது. ஜெர்மனில் தட்டச்சு செய்து, பெயருக்கும் தேதிக்கும் இடம் விட்டிருக்கிறேன். எந்தக் கம்பனியிடம் கேட்கிறீர்களோ அதன் பெயரைப் போட்டு, பெர்மிட் பிரதி வைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கு அவர்கள் காசு கேட்க முடியாது. உங்களைப் பற்றி என்ன வைத்திருக்கிறார்கள், யார் சொன்னது, எல்லாம் முப்பது நாளுக்குள் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் எனக்கு மட்டும் எழுதப்பட்டதில்லை. உங்களுக்கும் உண்டு. அதை உங்களிடமிருந்து மறைத்து வைத்திருக்கலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். செய்யவில்லை.

எழுதியிருப்பது பிழையென்றால் திருத்தச் சொல்லலாம், அதற்கும் கீழே ஒரு வரி இருக்கிறது. ஆனால் பிழையாக எழுதியதை மட்டும்தான் திருத்த முடியும். 'குடியிருந்த பெண்ணைப் பற்றிப் பேசி அவருக்கு வீடு கிடைக்காமல் செய்தார்' என்று யாராவது எழுதி வைத்திருந்தால், அண்ணை, அதில் திருத்த ஒன்றும் இல்லை. தேவையில்லாததை வைத்திருக்கிறார்கள் என்று வாதாடிப் பாருங்கள். உங்களுக்காக வாதாட நான் தக்ஷிகாவைக் கேட்க மாட்டேன்.

மச்சாள் இங்கேதான் இருக்கிறா. எங்கள் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை கிடைத்துவிட்டது. கீழே தபால் பெட்டியில் மூன்று பேரின் பெயரும் இருக்கிறது. உங்கள் கடிதங்களைத் திருப்பி அனுப்பியது நான் இல்லை, அவதான். நீங்கள் எழுதிய இந்தக் கடிதத்தை அவவுக்கு வாசித்துக் காட்டினேன். "நான் ஒண்டும் சொல்லேல்லை எண்டு எழுது" என்றா. எழுதிவிட்டேன்.

போன வருஷம் ஒன்று கேட்டீர்கள், இப்போது திருப்திதானா என்று. அப்போது பதில் எழுதவில்லை. ஓம், திருப்திதான். கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன், மேல்கட்டிலுக்கு ஏணியில் ஏறுவதாக நீங்கள் எழுதியதைப் படித்தபோதும் குறையவில்லை. மாயா அந்த இடத்தில் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தாள். அவளுக்கு உங்கள் மேல் இரக்கம் இருக்கிறது. அதை நான் தடுக்கவில்லை. எழுத வேண்டுமென்றால் அவள் எழுதுவாள்.

குழாயைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாத எதையோ சொல்வது போல எழுதியிருக்கிறீர்கள். அண்ணை, உங்கள் பக்கம் கேட்டால் எங்கள் பக்கமும் கேட்கும் அல்லவா? உங்கள் ரீவியின் சத்தம் கூடுவது எனக்கு மேலே கேட்கும். ஒவ்வொரு முறையும் கேட்டது. முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்குத் தைரியம் வந்தது. அண்ணை வீட்டில்தான் இருக்கிறார், இப்போது ஏறி வருவார் என்று, நிலத்தில் கிடந்தபடி படியில் காலடி கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சுகந்தி